முள் மேலே ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது? கார் ஹீட் ஆவதை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

சித்திரை பிறந்துவிட்டால் என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “அண்ணே, முள் மேல ஏறுதுண்ணே.” டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்தான் அது. மதுரையிலிருந்து கொடைக்கானல், தேனி, ராமேஸ்வரம் என்று சுற்றும் மூன்று வாடகை வண்டிகள் என்னுடையவை. ஓட்டுவது நானும் இரண்டு தம்பிகளும். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு ஐடிஐ படிப்பையே முடித்திருக்கலாம்.

இதை எழுத வைத்தது ஒரு வண்டி. அடிக்கடி ஹீட் ஆகிறது என்று ஒரு பட்டறையில் விட்டோம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். நாலு மாதத்தில் மறுபடி போனது, மறுபடி மாற்றினோம். மூன்றாவது முறை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணன் இன்ஜினைத் தொடவே இல்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அடியில் இருக்கும் ரப்பரை நகத்தால் ஒரு கீறு கீறினார். காய்ந்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. “இத மாத்தாம எத்தன ஹெட் மாத்துனாலும் இதே கததான் தம்பி.” அந்த மூடி சில நூறு ரூபாய். இரண்டு ஹெட் வேலைக்கு நான் கொடுத்ததைச் சொன்னால் வீட்டில் மறுபடி சண்டை வரும்.

அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் காசு குறைந்த காரணத்தில் ஆரம்பித்துத்தான் மேலே போகிறேன். உங்கள் வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்று முதலில் கவனியுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா, மலை ஏறும்போதா? அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்டு 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர். மூடி கழன்ற நொடியில் ஆவியாகி முகத்தில்தான் அடிக்கும். இன்னொன்று, ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் திடீரென்று சுற்றும். விரலும் துண்டும் அதன் பக்கம் போகக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்புக்கு வந்துவிட்டது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ப்ளோயரைக் கடைசி வேகத்துக்கு வையுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். கத்திரி வெயிலில் ஹீட்டரா என்று பின்சீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து வெளியே விடும். அப்படியே ஓரம் கட்ட இடம் பாருங்கள்.

நின்றதும் பானட்டிலிருந்து ஆவி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஆவி இல்லை, பானட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கண்ணுக்குத் தெரிகிறது, ஃபேனும் சுற்றுகிறது என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஓடவிடலாம். பம்ப்பும் ஃபேனும் சேர்ந்து சூட்டை இறக்கிவிடும். அதற்குள் முள் இறங்கவில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம். டீ குடியுங்கள், இன்னொரு டீ குடியுங்கள். மேல் ஹோஸை (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் ரப்பர் குழாய்) வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக ஆறிய பிறகு தடித்த துண்டை மடித்து மூடிமேல் போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கும்வரை பொறுங்கள். அதன் பிறகு தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வறண்டு காய்ந்த இன்ஜினில் குடம் தண்ணீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் விரிசல் விடலாம். இந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் என்று பார்க்காதீர்கள், கேன் தண்ணீர் போதும். ஊர் வந்து சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எங்கள் தம்பி ஒருவன் கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி ஏறிவிட்டுப் போன் செய்தான். “அண்ணே, முள் தானா எறங்கிருச்சுண்ணே. கெளம்பவா?” நானும் யோசிக்காமல் கிளம்பச் சொன்னேன். நடந்தது என்னவென்றால், ஹோஸ் கிழிந்து கூலன்ட் மொத்தமும் வெளியே போய்விட்டது. சூட்டை அளக்கும் சென்ஸரைச் சுற்றித் தண்ணீரே இல்லை, வெறும் காற்று. காற்றில் நிற்கும் சென்ஸருக்கு இன்ஜின் சூடு சரியாகத் தெரியாது. முள் இறங்கியது, இன்ஜின் வெந்தது. சிவப்புவரை போன முள் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் சட்டென்று கீழே வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதுதான் உடனே அணைக்க வேண்டிய நேரம்.

டோயிங் எப்போது? தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே ஓடுகிறது, ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் தடதடவென்று உதறுகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை. மூன்றில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திக் கட்டி இழுப்பவரைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவு ஹெட் செலவில் ஒரு ஓரத்துக்குக் காணாது.

டவுனுக்குள் ஹீட், பைபாஸ் ஏறினால் நார்மல்

கோரிப்பாளையம் சிக்னலில் முள் ஏறும். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் விட்டால் தானாக இறங்கிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம் பக்கம் மாட்டிய வண்டிகளில் இதுதான் அதிகம். ஓடும்போது எதிர்க்காற்று வேலை செய்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஆகவே சந்தேகம் முழுக்க ஃபேன் மேல்.

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

*ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை:* மோட்டார் நன்றாக இருக்கிறது. வெப்ப சென்ஸர், அதன் ஒயர், இல்லாவிட்டால் மெதுவேகத்துக்கான ரெஸிஸ்டர், இவற்றில் ஒன்று. வீடு வந்து சேர ஏசியைப் போட்டபடியே ஓட்டலாம். எல்லா இடத்திலும் ஏசியை அணைக்கச் சொல்லும் நான் இந்த ஒரு இடத்தில் மட்டும் போடச் சொல்கிறேன்.

*ஏசி போட்டாலும் சுற்றவில்லை:* முதலில் ஃப்யூஸ். பானட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும். அடுத்தது ரிலே, ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன மின் சுவிட்ச். அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுக்கு, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃபேன் ஓடி ஹாரன் அடிக்கவில்லையென்றால் குற்றவாளி சிக்கியாயிற்று. அதிலும் இல்லையென்றால் ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு ஒயர் கொடுத்துப் பார்க்கலாம். சுற்றாவிட்டால் மோட்டார் போயிற்று. ஒயர் வேலை பழக்கமில்லாதவர்கள் ரிலேவோடு நிறுத்திக்கொண்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். அவருக்கு இது அரை மணி நேர வேலை.

ஃப்யூஸ் மாற்றியதும் மறுபடி எரிந்தால் இன்னும் பெரிய ஃப்யூஸாகப் போடாதீர்கள். பெரும்பாலும் மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கும். பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

ஜீப், பிக்அப், பழைய பெரிய வண்டிகளில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும், சூட்டுக்கேற்ப ஃபேனைப் பிடித்துச் சுற்றவைப்பது அதுதான். இன்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றால் சரி. ராட்டினம் மாதிரி தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் காலி.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் ஹீட் ஆகிறதா? முன்பக்கம் குனிந்து டார்ச் அடியுங்கள். முதலில் தெரிவது ஏசி கண்டன்ஸர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குதான் விஷயம். போடி ரோட்டில் அடிக்கடி ஓடும் எங்கள் வண்டியில் ஒருமுறை பம்பரைக் கழற்றி அந்த இடுக்கைத் திறந்தோம். இலவம்பஞ்சு, பட்டாம்பூச்சி இறகு, வேப்பம்பூ, செம்மண் எல்லாம் அமுங்கி ஒரு விரல் கனத்துக்குக் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவது போல மொத்தமாக வந்தது. அதன்பின் இந்த நாள்வரை அந்த வண்டி சிக்னலில் ஹீட் ஆனதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் அறுவடைச் சமயத்தில் ரோட்டிலேயே கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறிப்போனால் வைக்கோலும் உமியும் இதே இடத்தில்தான் அடையும்.

கழுவும்போது சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை நேராக அடிக்க விடாதீர்கள். அலுமினியத் தகடுகள் காகிதம் மாதிரி மடங்கிவிடும், அப்புறம் காற்றே போகாது. சாதாரண ஹோஸ் பைப்பில், முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள்.

டவுனுக்குள் சும்மா இருக்கிறது, பைபாஸிலும் மலையிலும் ஹீட்

முந்தியதுக்கு நேர் எதிர். காற்று போதுமான அளவு கிடைக்கிறது, தண்ணீர்தான் போதுமான அளவு சுற்றவில்லை.

முதலில் கூலன்ட் அளவு. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பாட்டிலை மட்டும் நம்பாதீர்கள். ரேடியேட்டரில் தனி மூடி இருக்கும் வண்டிகளில் அதையும் திறந்து பாருங்கள், கழுத்துவரை நிற்க வேண்டும். பாட்டில் நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருந்தால் மூடி சரியாக உறிஞ்சவில்லை.

அடுத்து அந்த மூடி. ரப்பரில் வெடிப்பு, ஸ்பிரிங்கில் துரு, நடுவில் இருக்கும் சின்ன வட்ட வால்வு இழுத்தால் வராமல் ஒட்டிக்கொண்டிருப்பது, எதைக் கண்டாலும் மாற்றிவிடுங்கள். மூடியின் தலையிலேயே 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது பார் கணக்கில் அழுத்தம். அதே எண் உள்ளதை வாங்குங்கள். கடையில் கைக்கு வந்ததைத் தருவார்கள், வாங்கிவிடாதீர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காத வண்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி மலை ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடி சரியென்றால் தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டபடி இருங்கள். கொஞ்ச நேரம் குளிர்ச்சியாகவே இருந்து, முள் பாதிக்குப் பக்கத்தில் வரும்போது சட்டென்று சுட வேண்டும். இன்ஜின் கொதித்தும் ரேடியேட்டர் பக்கம் சூடு வரவில்லையென்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றியது கையில் இருந்தால் வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியில், பெரும்பாலும் 82க்கும் 90க்கும் இடையில், வாய் திறக்க ஆரம்பிக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்காதது குப்பைக்கு. அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், கூலன்ட் விஷம்.

அப்புறம் கீழ் ஹோஸ், ரேடியேட்டருக்கு அடியிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் குழாய். ஒருவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தி வேகம் ஏற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். வேகம் ஏறும்போது ஹோஸ் உள்வாங்கி ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கொண்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஐடிலில் இது தெரியவே தெரியாது. பைபாஸில் மட்டும் ஹீட் ஆகி, எந்தப் பட்டறையிலும் பிடிபடாமல் திரிந்த ஒரு வண்டியில் கடைசியில் கிடைத்தது இதுதான்.

இதுவரை எதுவும் சிக்கவில்லையென்றால் செலவு ஆரம்பம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும். வெப்பம் அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி பல பட்டறைகளில் இருக்கும். ரேடியேட்டர் முகம் முழுக்க அடித்துப் பாருங்கள், நடுநடுவே குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்த ட்யூப்களில் தண்ணீர் ஓடவில்லை. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் ராடிங் போட்டு, அதாவது ட்யூபுக்குள் கம்பி விட்டு, அடைப்பு எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வேலை சரிப்படாது, புதிதுதான். கடைசியாக வாட்டர் பம்ப். உள்ளே இருக்கும் இறக்கை அரித்துப் போனால் வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. இந்த இரண்டும் பட்டறை வேலை. பல இன்ஜின்களில் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான், வீட்டில் கை வைக்கக் கூடாது. பம்ப் மாற்றும்போது பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிரிக்கும் கூலி ஒரே தடவையோடு முடியும்.

வண்டியில் கோளாறே இல்லாமல் மலையில் மட்டும் முள் லேசாக ஏறுகிறதா? ஏழு பேர், கேரியரில் மூட்டை, ஏசி முழுக் குளிரில், மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏற்றினால் எந்த வண்டியிலும் முள் ஏறும். இரண்டாவது கியருக்கு இறக்கி இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிடுங்கள், பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.

பாட்டிலில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

*கீழே சொட்டு தெரிகிறது.* பதறாதீர்கள். முன்சீட்டுக்கு நேர்கீழே, நிறமில்லாமல் வாசனையில்லாமல் சொட்டினால் அது ஏசித் தண்ணீர். இதற்காகவே ராத்திரி பத்து மணிக்கு என்னை எழுப்பியவர்கள் உண்டு. பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில், விரலில் தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால்தான் கூலன்ட். ராத்திரி முன்பக்கத்துக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வைத்துவிடுங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேட வேண்டும்.

முதலில் ஹோஸ் கிளிப்புகள். ஸ்க்ரூடிரைவரில் அரைச் சுற்று முறுக்கினால் நின்றுபோகும் கசிவுகள் ஏராளம். பிறகு ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு தெரியும். எலி கடித்த தடமும் தெரியும். நம் ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. அதற்கடுத்து ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு. கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி கோடு விடும். பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும்; அங்கிருந்து இந்தக் கோடு இறங்கினால் பம்ப்பின் சீல் போய்விட்டது. பட்டறைக்குப் போங்கள்.

*எங்கும் சொட்டு தெரியவில்லை.* முதல் சந்தேகம் மறுபடி அந்த மூடிதான். அழுத்தம் பிடிக்காமல் ஓடும்போதே ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். அடுத்து வண்டிக்குள்: டாஷ்போர்டுக்கு அடியில் கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம், ஒரு தித்திப்பு வாசனை, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், இதெல்லாம் இருந்தால் ஹீட்டர் கோரில், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டரில், ஓட்டை. மதுரையில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள் என்று இரண்டு ஹோஸையும் சேர்த்து இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுவது இங்கே வழக்கம். தற்காலிகமாகத் தப்பில்லை. ஆனால் அவசரத்துக்கு உதவும் அந்தக் குட்டி ரேடியேட்டரை இழந்துவிட்டீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

இரண்டிலும் இல்லையென்றால் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடுவார்கள். அந்தப் பம்ப்பின் அழுத்த முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. வெளியே எங்கும் நனையாமல் முள் மட்டும் இறங்கினால் கீழே ‘குமிழி, வெள்ளைப் புகை’ என்ற தலைப்புக்குப் போங்கள்.

ஓட்டை அடைக்க மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். பெரிய ட்யூப் கொண்ட பழைய ரேடியேட்டரில் ஊர் வந்து சேரவாவது உதவியிருக்கும். இன்றைய ரேடியேட்டரின் ட்யூப் நூல் நூலாக இருக்கிறது. ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் வழியை அடைத்துவிடும். கடையில் விற்கும் அடைப்பான் பவுடரையும் நான் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

முள் ஏறி இறங்கி ஆடுகிறது

சமீபத்தில் கூலன்ட் மாற்றினீர்களா, ஹோஸ் கழற்றினீர்களா? அப்படியென்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வண்டியின் மூக்கு மேட்டில் இருக்குமாறு நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். காற்றுத் திருகு இருக்கும் வண்டியில் அதையும் தளர்த்த வேண்டும். ஒன்றுமே மாற்றாமல் ஆடினால் அளவு குறைந்திருக்கும், இல்லாவிட்டால் சென்ஸர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும்.

புது வண்டிகள் பலவற்றில் முள்ளே கிடையாது. குளிருக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது காரியம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று வாங்கிப் போனில் டிகிரியைப் பாருங்கள். எங்கள் வண்டிகளில் 85லிருந்து 100வரை சாதாரணம். 105 வந்தால் ஏசியை அணைப்போம். 110 என்றால் ஓரம் கட்டிவிடுவோம்.

முள் ஏறவே மாட்டேன் என்கிறது

இதைக் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை, நல்லது என்றே நினைக்கிறார்கள். மைலேஜ் குறைந்திருக்கும். காரணம் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுபோனது. அதைவிட அதிகம், யாரோ அதைக் கழற்றி எறிந்தது. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு தம்பி” என்று ஒரு பட்டறையில் என் வண்டியிலேயே கழற்றினார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. இன்ஜின் சூடேறாமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். சில இன்ஜின்களில் அதே தெர்மோஸ்டாட்தான் ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீர் குறுக்குவழியிலேயே சுற்றி வண்டி முன்னைவிட ஹீட் ஆகும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கூலன்ட் நிறம் மாறியிருக்கிறது

டீ நிறமென்றால் துரு. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டி. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் ரேடியேட்டர் ட்யூபுக்குள்ளும் படிகிறது, அங்கே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறிய இன்ஜினில் வடித்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை வடித்துவிட்டுப் புது கூலன்ட் ஊற்றுங்கள். கலந்தே விற்பதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியாக விற்பதை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டரில் கலக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுகிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்குங்கள். இரண்டு வகை கலந்தால் கூழ் மாதிரி திரளவும் வாய்ப்பு உண்டு.

வடித்ததைத் தரையில் விடாதீர்கள். லேசாகத் தித்திக்கும், நாய் நக்கும், செத்துப்போகும். எங்கள் தெருவில் அப்படி ஒன்று நடந்த பிறகு பழைய ஆயில் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.

குமிழி, வெள்ளைப் புகை, மோர் மாதிரி ஆயில்

இது வந்தால் பட்டறைதான். ஆனால் போவதற்கு முன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிறதா? பாட்டிலில் விடாமல் குமிழி வருகிறதா? சூடான பிறகும் சைலன்ஸரில் தித்திப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? ஆயில் குச்சியில் ஒட்டுவது மோர் நிறத்தில் இருக்கிறதா? ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை, குச்சி சுத்தம் என்றால் பயப்படாதீர்கள். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஈரம் அப்படித்தான் சேரும்.

பட்டறையில் “ஹெட்டைப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றால், முதலில் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து உறிஞ்சுவார்கள். புகை வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். மஞ்சளானால் பிரிக்கட்டும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி வளைவு பார்த்து, தேவையென்றால் ஃபேஸிங் போட்டு (மட்டமாகச் சீவி), விரிசலுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்து வாங்க வேண்டும். ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடும் வகை போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: “அண்ணே, ஹெட் போற அளவுக்கு எதனால ஹீட் ஆச்சு?” அதற்குப் பதில் சொல்லாத இடத்தில் வண்டியைக் கட்டி முடிக்க விடாதீர்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் இரண்டு தடவை கொடுத்தேன்.

பங்குனியிலும் ஐப்பசியிலும்

வெயில் ஏறுவதற்கு முன்னால், பங்குனி முதல் வாரத்தில், ஒரு ஞாயிறு காலை: கூலன்ட் அளவு, மூடி ரப்பர், ஹோஸ், கிளிப், பெல்ட், ஏசி போட்டு ஃபேன், முன்பக்க இடுக்கு. மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கூலன்ட் மாற்றிய தேதியைப் பானட்டுக்கு உள்பக்கம் பெயின்ட் பேனாவில் எழுதிவைக்கிறேன். பழைய வகைக்கு இரண்டு வருஷம், நீண்ட ஆயுள் வகைக்குப் புத்தகத்தில் சொன்ன கணக்கு.

ஐப்பசி மழைக்கு முன்னால் பார்ப்பது இதைவிடக் குறைவு. ஃபேன் கனெக்டர், ரிலே பெட்டியின் மூடி, ஒயர் இணைப்புகளில் ஈரம் போகும் இடம். மழை விட்டபின் செம்மண் சேறு ரேடியேட்டரில் அப்பிக் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் சுவர்ப்பூச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

டிக்கியில் எப்போதும் கிடப்பவை: ஐந்து லிட்டர் கேன் தண்ணீர், தடித்த துண்டு, டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒரு ரிலே, நாலு ஃப்யூஸ், இரண்டு அளவில் ஹோஸ் கிளிப். கிளிப் மட்டும் முதலில் என் பட்டியலில் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ஒருநாள் உச்சிவெயிலில் ஹோஸைக் கட்டுக்கம்பியால் கட்டி, பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி இறுக்கி, உசிலம்பட்டி வந்து சேர்ந்த பிறகு சேர்த்தேன்.